பொம்மை ரயிலும் பக்கத்துத் தெருவும்



பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் முன்னே நாள் முழுவதும் தேங்காய் உடைபடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். இரவு முதிர்ந்து, கிழக்கேகோட்டைப் பேருந்துகளின் இரைச்சலும் ஓய்ந்த பின்னர், தம்பானூர்ப் பக்கத்திலிருந்து ரயில் ஊதும் ஒலி தெளிவாக வந்து சேரும். நம்மில் பலருக்கு அது வெறும் ஒலியன்று, ஊர் நினைவு.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்தது பெரும்பாலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும். ஆயினும் ரயில் வந்த பின்னர் நமது போக்குவரவு அதனோடேயே கட்டுண்டது. 1904-ஆம் ஆண்டில் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் வரை மீட்டர் அகலப் பாதை வந்தது. 1918-ல் அது திருவனந்தபுரத்தின் ஓரம் வரை நீண்டது. 1931-ல் தம்பானூருக்குள் நுழைந்தது. நாகர்கோயில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது 1979-ல்தான். அதுவரை ரயிலேறித் தமிழ்நாட்டுக்குச் செல்ல விரும்பிய நம்மவருள் பலருக்குப் புனலூர்க் காடும், தென்மலைச் சரிவும், கழுதுருட்டிக்கு அருகேயுள்ள பதின்மூன்று கண் பாலமும், ஆரியங்காவுச் சுரங்கமும் கண்டறிந்த காட்சிகள். சுரங்கத்தின் இருள் வந்ததும் கூவுவது அந்நாளைய குழந்தைகளுக்குக் கட்டாயக் கடமை.

ஆனால் இம்மாதம் நான் எழுதப் புகுவது பெரிய ரயிலைப் பற்றியன்று. மேசைமேல் ஓடும் சின்னஞ்சிறு ரயிலைப் பற்றி. பத்திரிகையில் எழுத இதுவும் ஒரு விஷயமா என்று சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒருநாள் அவ்வாறு நகைத்தவனே. அந்த நகைப்புக்காகப் பட்ட வெட்கத்தைச் சொல்லித் தீர்த்துக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், கோயிலுக்குப் பின்புறச் சந்தில் குடியிருந்த பெரியவர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். செங்கோட்டைக்காரர். ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்து, “அண்ணாச்சி, நாலே வரி. இடமிருந்தால் பத்திரிகையில் போடுங்கள்” என்றார். ‘மாதிரி ரயில் செய்வதில் ஈடுபாடுடைய அன்பர்கள் இந்நகரில் இருப்பின் அறிய ஆவல்’ என்பது அதன் சாரம்.

நான் தாளைப் பார்த்தேன். அவருடைய நரைத்த தலையைப் பார்த்தேன். என் முகத்தில் தோன்றிய புன்னகையை அவரும் கண்டிருக்க வேண்டும். “பேரன் பேத்தி எடுத்த வயதில் இது என்ன விளையாட்டு என்று நினைக்கிறீர்கள், இல்லையா?” என்று அவரே கேட்டுவிட்டுச் சிரித்தார். அம்மாத இதழில் வீட்டு வாடகை அறிவிப்பு, வரன் தேடும் அறிவிப்பு, ஆண்டு நிதி அறிக்கை எல்லாம் இடம்பெற்றன. அந்த நான்கு வரிகளுக்கு மட்டும் இடமில்லை. தாள் என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அவர் மறுபடி கேட்கவுமில்லை.

இனி, மாதிரி ரயில் என்பது யாதென இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். திருவிழாக் கடையில் சாவி கொடுத்து ஓட்டும் தகர ரயில் பொம்மை. அதற்கு அளவு கிடையாது. மாதிரி ரயிலுக்கோ எல்லாம் அளவே. உலகில் மிகப் பரவலாக வழங்கும் அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு. உண்மையில் எண்பத்தேழு மீட்டர் நீளமுள்ளது இங்கே ஒரு மீட்டர். சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலை 1955-ல் தொடங்கிப் பல்லாண்டுகள் செய்தளித்த பயணிப் பெட்டி ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுடையது. இவ்வளவில் அது 24 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி, அதாவது ஒரு சாணும் ஒரு விரலும். சக்கரம், ஜன்னல், கதவின் கைப்பிடி வரை எல்லாம் இதே விகிதத்தில் குறுகும்.

இவ்வளவுக்கு எச்.ஓ. என்று பெயர். இதன் பின்னே ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனத்தார் 1891-ல் பொம்மை ரயில் பாதைகளின் அகலத்துக்கு எண் வரிசை வகுத்தனர். ஒன்றாம் எண்ணைவிடச் சிறிய பாதை பின்னர் வந்தபோது அதற்குச் சைபர் என்று பெயராயிற்று. அதிலும் பாதி அளவில் ரயில் செய்யப்பட்டபோது ‘அரைச் சைபர்’ என்றனர். எச்.ஓ. என்பதன் பொருள் அதுவே. சைபரில் பாதி எவ்வளவு என்று பள்ளியில் கேட்டால் ஒன்றுமில்லை என்போம். இங்கே அதன்மேல் ரயில் ஓடுகிறது!

தண்டவாளத்தின் அகலத்துக்கும் இதே கணக்குத்தான். உலகில் பல நாடுகளின் ரயில் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். அதை எண்பத்தேழால் வகுத்தால் பதினாறரை மில்லிமீட்டர். கடைகளில் எளிதாகக் கிடைப்பது இந்தப் பதினாறரைதான். மீட்டர் அகலப் பாதைக்கு 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் உண்டு. ஐரோப்பிய மலை ரயில்களை மாதிரி செய்வோர் அதனைப் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டு அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர்; கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் அவ்வகலத்தில் கடையில் வாங்குவது அரிது. ஆகவே இந்திய ரயிலை மாதிரி செய்வோரில் பெரும்பாலோர், பிழையென்று அறிந்தே, பதினாறரையின் மேல் ஓட்டுகின்றனர். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

சென்ற நவராத்திரியின்போது, வழக்கம்போல் சங்கத்தின் சார்பில் வீடு வீடாகக் கொலுப் பார்க்கச் சென்றோம். வலியசாலையில் ஒரு வீடு. படிகளில் தசாவதாரமும் மரப்பாச்சியும் செட்டியார் தம்பதியும் முறைப்படி வீற்றிருந்தனர். கீழே ‘பார்க்’ வைத்திருந்தார்கள். அதனைச் சுற்றி ஒரு மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துச் சக்கரங்களையே பார்த்துக் கொண்டிருந்தான். “எப்போதும் இதேதான் மாமா. தெருவில் விளையாடக் கூப்பிட்டால் வருவதில்லை. இவனைப் போல் ஒருவனும் இந்த ஊரில் கிடையாது” என்று அவன் தாயார் குறைப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் கரமனையில் ஓர் அக்கிரகார வீடு. வங்கியில் அதிகாரியாக இருக்கும் அம்மையார் ஒருவர், கொலுவின் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு ஜெர்மன் சரக்கு வண்டிகளை வைத்திருந்தார். அவருடைய தந்தையார் வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்புகையில் ஒவ்வொன்றாகக் கொணர்ந்தவை. “அப்பா இருந்தவரை ஓட்டினோம். இப்போது துடைத்து வைப்பதோடு சரி. சேர்ந்து ஓட்ட யாரிருக்கிறார்கள்?” என்றார்.

மூன்றாம் நாள் மணக்காட்டில், கொலுவுக்கு மின்விளக்குத் தொடுத்துக் கொண்டிருந்த மலையாளி நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இவற்றைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டார். தம் வீட்டுப் பரணில் மூன்று எஞ்சின்கள் இருப்பதாகவும், பழுதடைந்து வந்த பொம்மைகளைச் சரிசெய்து பழகியதில் தொற்றிய ஆசை இதுவென்றும், வெளியில் சொன்னால் கேலி செய்வார்களென்று மனைவி மக்கள் தவிர எவரிடமும் சொன்னதில்லையென்றும் தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.

மூன்று வீடுகள். நடந்தே போய்வரும் தூரம். மூவரும் தம்மைத் தவிர வேறெவரும் இல்லையென்று நம்பி வாழ்ந்தவர்கள். அன்றிரவு சங்க அலுவலகத்துக்குச் சென்று இழுப்பறையைத் திறந்தேன். மடித்த தாள் அப்படியே இருந்தது.

மறுநாட் காலையில் கோயிலுக்குப் பின்புறச் சந்துக்குப் போனேன். பெரியவர் அங்கில்லை. துணைவியார் மறைந்த பின்னர், ஓராண்டுக்கு முன்பே, புணேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். “சாமான்களையெல்லாம் கட்டிக்கொண்டு போனார். ஒரு பலகையை மட்டும் மச்சில் விட்டுவிட்டார். பெரிதாயிருந்தது, ரயிலில் கொண்டுபோக முடியவில்லை” என்று வீட்டுக்காரர் சொன்னார். மச்சில் ஏறிப் பார்த்தோம். பழைய வேட்டியால் மூடிய பலகை. வேட்டியை விலக்கியதும், தென்மலைக் காட்டின் நடுவே, பதின்மூன்று கண் பாலம்!

கல்லடுக்கை அட்டையில் ஒவ்வொன்றாகக் கீறி வண்ணம் தீட்டியிருந்தார். மலைச்சரிவின் மண் தேங்காய் நார்த்தூள். மரங்கள் கயிற்று நாரைப் பிரித்துச் செய்தவை. பாலத்தின்மேல் மீட்டர் அகலப் பாதை. எத்தனை ஆண்டுகளின் மாலைப்பொழுது அந்தப் பலகையில் இருந்ததோ, அறியேன். ஒருவரும் பார்க்காத மாலைப்பொழுதுகள். நான்கு வரி அச்சிட்டிருந்தால் ஒருவராவது பார்த்திருப்பார்.

அவருக்குக் கடிதம் எழுதினேன், மன்னிப்புக் கேட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. என்மேல் கோபமில்லை என்ற ஒரு வரிக்குப் பின்னர், மூன்று பக்கம் புணேயைப் பற்றியே இருந்தது. அந்நகரின் கோத்ரூட் பகுதியில் பாவ் ஜோஷி என்ற அன்பர் தம் வாழ்நாள் ஈடுபாட்டையெல்லாம் சேர்த்து அமைத்த சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறக்கப்பெற்றது. ஓர் அறை நிறைய ஒரு நகரமே அமைத்து, பல ரயில்கள் ஒரே வேளையில் தத்தம் சிக்னலுக்குக் கட்டுப்பட்டு ஓடுகின்றன. அறை விளக்குகளை அணைத்து இராக் காட்சியும் காட்டுகிறார்கள். “சிக்னல் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அங்கே குழந்தைகளோடு குழந்தையாக நின்றேன். பக்கத்தில் நின்றவரும் என் வயதுக்காரர். ‘வீட்டில் வைத்திருக்கிறீர்களா?’ என்று மராத்தி கலந்த இந்தியில் கேட்டார். ‘வைத்திருக்கிறேன்’ என்றேன். இப்போது ஞாயிறுதோறும் அவர் வீட்டில் காப்பி” என்று எழுதியிருந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பழவங்காடியில் இருந்தவருக்கு இங்கே கிடைக்காத துணை, மொழி தெரியாத ஊரில் ஒரு கேள்வியில் கிடைத்துவிட்டது. அந்த ஊரில் இதற்கென ஓர் இடம் இருந்தது. ‘நானும் இத்தகையவனே’ என்று வெட்கமின்றிச் சொல்லக்கூடிய இடம்.

பிற நாடுகளிலும் இப்படித்தான் நிகழ்ந்திருக்கிறது. லண்டன் மாநகரில் மாதிரி ரயில் கழகம் தோன்றியது 1910-ல். அரை நூற்றாண்டு உழைத்து 1960-ல் தமக்கென ஒரு கட்டடமும் எழுப்பிக்கொண்டனர். மெக்கானோ என்ற கட்டுமானப் பொம்மையையும், 1920 முதல் ரயில்களையும் செய்து விற்ற லிவர்பூல் ஃபிராங்க் ஹார்ன்பி, பொருளை விற்றதோடு நின்றாரில்லை. சிறுவர்களுக்கென 1916-ல் ஒரு பத்திரிகையும், 1919-ல் ஊர்தோறும் கிளைச் சங்கங்களை இணைக்கும் அமைப்பும் தொடங்கப்பெற்றன. தனியே விளையாடும் பிள்ளை விரைவில் சலிப்பான், கூட்டாளி கிடைத்தால் விடமாட்டான் என்பது வியாபாரிக்குத் தெரியாதா என்ன!

அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் 1935-ல் மில்வாக்கி நகரில் ஒன்றுகூடித் தேசியச் சங்கம் அமைத்தபோது எடுத்துக்கொண்ட முதன்மையான வேலை மிகவும் கருதத்தக்கது. அந்நாளில் ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பெட்டியோடு கொக்கி சேராது. ஒருவருடைய எஞ்சின் மற்றவருடைய பாதையில் ஓடாது. ஆகவே சக்கர விளிம்பின் ஆழம் இவ்வளவு, தண்டவாள இடைவெளி இவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகளை வகுத்தனர். அதன் பின்னரே ஒருவர் வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர் வீட்டுக்குச் செல்வது பயனுடையதாயிற்று.

நம் நாட்டு ரயில் அன்பர்களின் சங்கங்களுள் ஒன்றின் பிறப்பு நமக்குத் தனிச் சுவை தருவது. இந்திய ரயில்வே அன்பர் கழகம் 1989-ல் தோன்றியது இந்தியாவில் அன்று. அமெரிக்கா சென்று வாழ்ந்த இந்திய அன்பர் சிலரிடையே. ஊரைவிட்டு வெளியே வந்தவருக்குத்தான் ஊர் ரயிலின்மேல் இத்தனை ஏக்கம் போலும்! நாமும் அவ்வகையினரே அல்லவா?

“இதனால் படிப்புக்கு என்ன பயன்?” என்று பெற்றோர் கேட்பர். கேட்பது நியாயமே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினர். மேசைக்கு மேலே ரயில். மேசைக்குக் கீழே தொலைபேசி நிலையத்துப் பழைய ரிலேக்களைக் கொண்டு பின்னிய கட்டுப்பாட்டு வலை. கீழே புகுந்து கம்பி பின்னிய அம்மாணவரில் சிலரே 1950-களின் இறுதியில் கல்லூரிக்கு வந்த கணிப்பொறிகளின் முன் இரவெல்லாம் உட்கார்ந்து, அத்துறையின் முன்னோடிகளில் இடம்பெற்றனர். இதைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்ட வேண்டுமென்பதில்லை. ஒரு துண்டுப் பாதையில் ஒரே வேளையில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்ற விதியைத் தன் கையால் கம்பி இணைத்துச் செய்து பார்க்கும் பிள்ளை, பொறுமையையும் ஒழுங்கையும் தானே கற்றுக்கொள்வான். அது போதாதா?

மீண்டும் நம் கதைக்கு வருவோம். விஜயதசமிக்கு மறு ஞாயிறு, மூவரையும் சங்கத்தின் மாடியறைக்கு அழைத்தேன். பெரியவரின் இசைவு பெற்றுப் பலகையையும் நால்வர் சுமந்து கொண்டுவந்தோம். சிறுவன் பாலத்தைக் கண்டதும் வாய் பேசவில்லை. தன் எஞ்சினை எடுத்து மெல்லத் தண்டவாளத்தின்மேல் வைத்தான். அது நிற்கவில்லை, சரிந்து விழுந்தது. அவனுடையது பதினாறரை. பாலத்தின் பாதையோ 12. அம்மையாரின் ஜெர்மன் வண்டிகளும் பதினாறரை. மணக்காட்டு நண்பரின் எஞ்சின்களும் பதினாறரை. அந்நகரிலிருந்த ரயில்களில் அந்தப் பாலத்தின்மேல் ஓடத்தக்கது பெரியவருடையது ஒன்றே, அதுவோ புணேயில்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அன்று நான் அறிவிப்பை வெளியிட்டிருந்தாலும் அவருடைய ரயில் வேறொருவர் வண்டியோடு சேர்ந்திராது. தாம் கண்ட பழைய பாதை ஒரு நூலிழையும் பிசகாமல் அமைய வேண்டும் என்பதற்காக, வேறெவரிடமும் இல்லாத அளவைத் தேர்ந்துகொண்டவர் அவர்.

மணக்காட்டு நண்பர் தயங்கிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். பாலத்தின் கண்களைத் தொடாமல், மேலுள்ள பாதையை மட்டும் பெயர்த்துப் பதினாறரையாக மாற்றிவிடலாம். சிறுவனுக்கு அது பிடிக்கவில்லை. “தாத்தா செய்ததை நாம் எப்படி மாற்றுவது?” என்றான். அம்மையாரும் அவன் பக்கம். கேட்டெழுதுவது என்று முடிவாயிற்று. எழுதும்போது என் கை கூசியது. இல்லாத துணையைத் தேடித் தேடிச் சலித்துப் போனவரிடம், இப்போது துணை வந்திருக்கிறது, ஆனால் உம் பாதையைப் பெயர்க்க வேண்டும் என்று எழுதுவது எளிதா?

இம்முறை பதில் வர ஒரு மாதமாயிற்று. அதில் அவர் எழுதியிருந்ததன் ஒரு பகுதியைத் தருகிறேன்:

“உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயர்க்கக்கூடாது என்று இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். பிறகு யோசித்தேன். அசல் பாலத்திலேயே என்ன நடந்தது? 2010-ல் மீட்டர் வண்டி நின்றது. எட்டு ஆண்டுகள் அந்த வழியில் ரயிலே இல்லை. 2018-ல் அதே பாலத்தின்மேல் அகலப் பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாலம் பாலமாகவே இருக்கிறது. மேலே ரயில் ஓடினால்தானே அது பாலம்? கணக்குப்படி அகலப் பாதைக்குப் பத்தொன்பது வேண்டும். உங்கள் பதினாறரை பிழைதான். இருக்கட்டும். நான் சரியான அளவு வைத்துக்கொண்டு தனியே இருந்தேன். பையனைப் பெயர்க்கச் சொல்லுங்கள். ஆணியைப் பிடுங்கும்போது அட்டைக் கல் கிழியாமல் பார்த்துக்கொள்ளட்டும். பழைய தண்டவாளத்தில் ஒரு சாண் நீளத்தை மட்டும் பாலத்துக்கு இந்தப் பக்கம் புல்லோடு புல்லாகக் கிடக்க விடுங்கள்.”

அவ்வாறே செய்யப்பட்டது. ஒரு சாண் மீட்டர்ப் பாதை, துரு நிற வண்ணம் பூசி, நார்த்தூளில் பாதி புதைந்து இப்போது கிடக்கிறது. அதன் அருகே சிறுவனின் எஞ்சின் அம்மையாரின் ஜெர்மன் வண்டிகளை இழுத்துக்கொண்டு தென்மலையைக் கடக்கிறது. பார்க்கப் பொருத்தமில்லாத காட்சிதான். ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இதனைப் படிக்கும் குடும்பங்களில் இத்தகைய ஆசை எவருக்கேனும் இருப்பின், எங்கள் சிறிய அனுபவத்திலிருந்து சில சொல்வேன்.

முதலாவது, இடமில்லை என்று ஒதுங்க வேண்டா. இருபது பெட்டி நிற்கும் நடைமேடை எச்.ஓ. அளவில் ஐந்து மீட்டர் வேண்டும். கோட்டைக்குள் எந்த வாடகை வீட்டில் அது முடியும்? ஆனால் ஆளுக்கு ஒரு பலகை செய்யலாம். பலகையின் இரு முனைகளிலும் தண்டவாளம் வரும் இடமும் உயரமும் எல்லோருக்கும் ஒன்றாயிருந்தால் போதும். நடுவே அவரவர் தம் ஊரை அமைத்துக்கொள்ளலாம். கூடும் நாளில் பலகைகளை முனையோடு முனை சேர்த்தால் நீண்ட பாதை ஆகிவிடும். மேலை நாட்டுக் கழகங்கள் பலவற்றின் வழக்கம் இதுவே. அதற்கும் இடமில்லாதோர்க்கு நூற்றறுபதில் ஒரு பங்கு என்ற சிறிய அளவும் உண்டு. அதன் பாதை 9 மில்லிமீட்டரே.

இரண்டாவது, நம் ஊர்க் கடற்காற்றை மறக்க வேண்டா. எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியே ஏறுகிறது. தண்டவாளத்தில் பாசி போல் மாசு படிந்தால் எஞ்சின் நின்று நின்று ஓடும். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் வெள்ளி எனப்படும் கலப்பு உலோகத் தண்டவாளமே இங்கு ஏற்றது. ஓட்டுமுன் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது நன்று. மழைக்காலத்தில் மெல்லிய பலகை வளையும். அடியில் சட்டம் கொடுப்பது அவசியம்.

மூன்றாவது, செலவு. தொடக்கத்தில் ஒரு வட்டப் பாதையும், ஓர் எஞ்சினும், இரண்டு வண்டியும் போதும். மற்றதெல்லாம் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் பலகை, கம்பி, அட்டை, கயிற்று நார். கயிற்று நாட்டில் வாழும் நமக்கு மரமும் புல்லும் செய்யப் பொருள் தேடி எங்கும் போக வேண்டுவதில்லை.

நான்காவது, பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க இடங்கள். சென்னை செல்வோர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை அடுத்து 2002-ல் ஏற்பட்ட ரயில் அருங்காட்சியகத்தையும், திருச்சிராப்பள்ளி செல்வோர் 2014-ல் ஏற்பட்டதையும், டில்லி செல்வோர் 1977-ல் சாணக்யபுரியில் ஏற்பட்டதையும் காணலாம். அங்கே கண்ணாடிப் பெட்டியின் முன் நெடுநேரம் நகராமல் நிற்பவர் எவரேனும் இருந்தால், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. இந்த ஆசை உடையவர்கள் நகரில் இல்லாமலில்லை. வயது வந்தவர் வெட்கத்தால் மறைக்கிறார். சிறுவனுக்குச் சொல்ல வழி தெரியவில்லை. நம் இல்லங்களில் ஆண்டுக்கு ஒன்பது நாள் வாசற்கதவைத் திறந்து வைத்து, அறிந்தவர் அறியாதவர் எல்லோரையும் உள்ளே அழைத்துச் சுண்டல் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதைவிட நல்ல வாய்ப்பு வேறெந்த நகரத்துக்கு உண்டு? வருகிற நவராத்திரியில், கொலுவின் கீழே ரயில் வைக்கும் வீடுகள் வாசலில் ஒரு சிறு பச்சைக் கொடி கட்டி வைக்கட்டும். கண்டவர் உள்ளே வரலாம் என்பது அதன் பொருள். தமிழர் வீடுதான் என்பதில்லை. மலையாள அன்பர்களுக்கும் இது பொருந்தும். நால்வரான எங்களில் ஒருவர் அவரே.

இனி, நான்கு ஆண்டுகள் தாமதமாக ஓர் அறிவிப்பு. எழுதிக் கொடுத்தவர் புணேயிலிருந்து ஒரு சொல்லை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார். ‘ஆவல்’ என்றிருந்ததை ‘மகிழ்ச்சி’ ஆக்கச் சொன்னார்.

‘மாதிரி ரயில் செய்வதில் ஈடுபாடுடைய அன்பர்கள் இந்நகரில் இருப்பின் அறிய மகிழ்ச்சி. வயது வரம்பு இல்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை சங்கத்தின் மாடியறையில் கூடுகிறோம். பாதை அகலம் பதினாறரை மில்லிமீட்டர். வேறு அகலம் வைத்திருப்போரும் வருக, பேசிக்கொள்ளலாம்.’